மச்சானுக்கு ஒரு கரண்டி சுறா எண்ணெய்

அவர் வருவதைப் பூனைகள்தான் முதலில் அறிவிக்கும். நெல்லித்தோப்பில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுச் சந்தின் முனையில் படுத்திருக்கும் சாம்பல் பூனை எழுந்து முதுகை வளைத்தால், பின்னாலேயே ஓட்டுக்கூரையிலிருந்து வெள்ளைப் பூனை குதித்தால், எண்ணெய் மாமா டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார் என்று பொருள். அவர் முன்னால் நடப்பார், பூனைகள் பின்னால் நடக்கும். பாதி வழியில் திரும்பி, "என்னா, உங்களுக்கும் மார்வலியா?" என்று அவற்றைக் கேட்பார். சட்டைப் பையில் சுறா மீன் எண்ணெய்ப் புட்டி இருக்கும். அதன் மூடி என்றைக்கும் ஒழுங்காக மூடியதில்லை.

எண்ணெய் மாமா என்பது சந்து வைத்த பெயர். அவருக்கு முறையான பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கடைக்காரரைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை. என் அப்பா வேலை பார்த்த அதே மில்லில் அவருக்கு எண்ணெய் போடுகிற வேலை. நூற்கும் மெஷின்களின் நடுவே, நீள மூக்கு வைத்த குடுவையோடு நடந்து, சுழல்கிற நூற்புக் கதிர்களுக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போகவேண்டும். "மெஷினு பேசாது, கத்தும். கத்துனா எண்ணெ கேக்குதுன்னு அர்த்தம்" என்பார். ஓய்வு பெற்ற பிறகு மில் மெஷின்கள் கைக்கு எட்டவில்லை. அதனால் ஊரையே மெஷினாக வைத்துக்கொண்டார்.

அவர் எண்ணெய் விட்டவற்றில் எனக்கு நினைவிருப்பவை: எங்கள் வாசற்கதவு, எதிர்வீட்டுத் தொட்டில் கொக்கி, பால்காரரின் சைக்கிள், ஒரு கல்யாண வீட்டு மாவரைக்கும் கிரைண்டர் (பிறகு மாவு முழுவதையும் கொட்டினார்கள்), எங்கள் பொதுக் கிணற்று ராட்டினம். ராட்டினத்துக்கு விட்ட எண்ணெயில் கயிறும் சேர்ந்து நனைந்துவிட்டது. அன்றைக்கு வாளி கிணற்றுக்குள் போன வேகத்தைப் பற்றி அம்மா நெடுநாள் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் தையல் மெஷினைத் தனியாகச் சொல்லவேண்டும். அது கத்தியது என்று மாமா தானாகவே வந்தார். மெஷின் எண்ணெய் தீர்ந்திருந்தது. அவர் யோசிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த புட்டியை எடுத்து, இருக்கிற ஓட்டைகளில் எல்லாம் விட்டார். மெஷின் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதில் தைத்த பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு அம்மா ஒரு சைவக் குடும்பத்துக் கல்யாணத்துக்குப் போனாள். பந்தியில் அவளுக்கு இருபுறமும் உட்கார்ந்தவர்கள் மாறி மாறித் தங்கள் இலையை முகர்ந்தார்களாம். சமையற்காரரைக் கூப்பிட்டு விசாரணை நடந்ததாம். அம்மா திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமா வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏண்ணே, தையல் மெஷினுக்கு மீனெண்ணெ ஊத்துவாங்களா யாராச்சும்?"

"ஓடுச்சா இல்லியா, அத சொல்லு."

"ஓடுச்சு. பந்தியில பாதிப் பேரும் ஓடுனாங்க."

"பாத்தியா! மெஷினுக்கும் கேக்குது, மனுஷனுக்கும் கேக்குது. ஒரே எண்ணெ!"

அந்தப் புட்டி அவர் பைக்கு வந்தது மார்வலிக்குப் பிறகு. டாக்டர் மூன்று விஷயங்கள் சொன்னார்: பீடியை விடு, காலையில் பீச்சில் நட, உப்பைக் குறை. மாமா மூன்றையும் செய்தார். ஆனால் நம்பியது நான்காவது ஒன்றை. பனிப் பிரதேசத்தில் மீனையே தின்று வாழ்கிற மக்களுக்கு மாரடைப்பு குறைவு என்று டீக்கடையில் யாரோ பேப்பர் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். மாமா வேர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"காயி இல்ல, கீர இல்ல, சோறு இல்ல. மீனுதான். ஆனா மார்வலி கம்மியாம். ஏன்? எண்ணெ! அந்தக் குளுருக்கு எண்ணெ மட்டும் இல்லன்னா எல்லாம் ஜாம் ஆயிருப்பானுங்க."

அவர் கணக்கில் மனித உடம்பில் மெஷின்கள் இரண்டு. மார்பில் இருப்பது பம்பு. தலையில் இருப்பது நூற்பு, அதாவது ஒரு நினைவை இழுத்து இன்னொன்றோடு முறுக்குவது. வயதானால் பம்பு கத்தும், நூற்பில் இழை அறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. பீடியை விட்டதாலும் நடந்ததாலும் வந்த நன்மையை எல்லாம் அவர் சுறாவின் பேரில் எழுதினார்.

அந்தச் சமயத்தில் நான் படிப்பு முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுக்கும் பயிற்சியில் இருந்தேன். மாமா தன் பம்பை எனக்குக் காட்டவேண்டும் என்று பிடிவாதமாக வந்து மேசைமேல் படுத்தார். மார்பில் நான் தடவியதை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"இது என்னா எண்ணெ பாப்பா?"

"எண்ணெ இல்ல மாமா. ஜெல்லு. கரண்டு நல்லா புடிக்கிறதுக்கு."

"மீன் வாசனையே இல்லியே. அப்பறம் எப்பிடி வேல செய்யும்?"

காகிதம் ஓடத் தொடங்கியதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். தூக்கக்கூடாது என்று சொன்னேன். எடுத்து முடித்துக் கையில் கொடுத்தபோது அவர் முகம் சுருங்கியது.

"என்னாது, ரம்பப் பல்லு மாதிரி இருக்கு? இத்தினி நாளு குடிச்சும் கோடு வழவழன்னு வரலியே. இன்னும் ரெண்டு கரண்டி ஏத்துனா நேரா வருமா?"

"நேரா வந்தா ஆளு போயாச்சுன்னு அர்த்தம் மாமா."

"அப்ப இந்தப் பல்லெல்லாம் இருக்கணுமா?"

"இருந்தாதான் நல்லது."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஆண்டவன் இந்த மெஷின கொஞ்சம் தப்பாத்தான் செஞ்சிருக்கான்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

சுறா ஈரல் எண்ணெயை அளவுக்கு மேல் குடித்தால் அதிலுள்ள வைட்டமின் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும், ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மூளைக்கு அது உதவுமா என்று எங்கள் டாக்டரிடம் அவருக்காகவே கேட்டு வந்தேன். மீன் தின்பது இதயத்துக்கு நல்லதாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றார் டாக்டர்.

"தெரியாதுன்னுதான சொன்னாரு? இல்லன்னு சொல்லலியே?" என்றார் மாமா.

'தெரியாது' என்ற சொல்லை அவர் அப்படிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் அவருடைய மூளை அன்று. அவருடைய மச்சானின் மூளை.

மச்சான் என்றால் அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, அண்ணன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கடற்கரைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் பிரெஞ்சில் 'ஐயா' என்பதற்கான 'முசே'யால் கூப்பிட்டு, கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. முசேவும் மாமாவும் வாலிபத்தில் சிநேகிதர்கள். அப்போது பிரெஞ்சு தேசத்து மர்சேய்க்குப் போகிற கப்பல் ஒன்றில், எஞ்சின் அறையில் எண்ணெய் போடுகிற வேலை மாமாவுக்குக் கிடைக்க இருந்தது. ஒரு திங்கட்கிழமை ஏஜெண்ட் துரை பிரெஞ்சில் ஏதோ சொன்னார். முசே மொழிபெயர்த்தார்: "உய் ழூர். உய்னா எட்டு, ழூர்னா நாளு. எட்டு நாள் கழிச்சுப் பெட்டியோட வரச் சொல்றாரு."

மாமா விரல் விட்டு எண்ணினார். திங்களிலிருந்து எட்டு நாள் கழித்து என்றால் செவ்வாய். செவ்வாய்க்கிழமை காலையில் தகரப்பெட்டியோடு கடற்பாலத்தில் போய் நின்றார். கப்பல் முந்தின நாளே போய்விட்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் வழக்கத்தில் 'எட்டு நாள்' என்றால் ஒரு வாரம், திங்களன்று சொன்னால் அடுத்த திங்கள். முசே சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்ததால் வந்த வினை அது.

மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து மில்லில் சேர்ந்தார். பிறகு முசேவின் தங்கையையே கட்டிக்கொண்டார். "கப்பலுக்கு நஷ்டஈடா தங்கச்சியக் குடுத்துட்டாரு" என்று அப்பா கேலி செய்வார். "எனக்கு நஷ்டஈடு யாரு குடுக்கறது?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பாள்.

என் சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முசே தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மீன் குழம்பு சாப்பிடுவார். கை கழுவியதும் சண்டை தொடங்கும். சுவர் ஒன்றுதான் நடுவில் என்பதால் எனக்கு அது பாடம் மாதிரி மனப்பாடம்.

"தப்புன்னு ஒரு வார்த்த சொல்லு மச்சான், விட்டுடறேன்."

"என்னா தப்பு? உய்னா எட்டு. நான் எட்டுன்னேன்."

"அவன் ஏழுன்னுல்ல நெனச்சிருக்கான்!"

"எண்பதுக்கு நாலு இருபதுன்னு சொல்றவன் மாப்ள அவன். அவன் மனசுல நெனக்கிறதுக்கெல்லாம் நான் ஜவாப்தாரியா? மர்சேய் போறவன் ஒரு நாளு முன்னாடியே போயி நின்னா கால் தேஞ்சுடுமா?"

பிரெஞ்சு தெரிந்த வேறு யாரிடமாவது கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாமே என்று அம்மா ஒருமுறை சொன்னாள். மாமா கோபப்பட்டார். "ஊரு சொல்லி என்னாத்துக்கு? அவன் வாயால வரணும்." அந்த ஒரு வார்த்தையைக் காதால் கேட்டுவிட்டுத்தான் சாவது என்று அவர் இருந்தார்.

முசேவின் மனைவி தவறிய பிறகு அவருக்கு ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தது. கடைசியில் தவளக்குப்பம் ஜங்ஷனில் கடலூர் பஸ் ஏறி மர்சேய்க்கு டிக்கெட் கேட்டிருக்கிறார். "கடலூர் வரைக்கும்தான் போவும் பெரியவரே, அப்பறம் நீங்களே பாத்துக்கங்க" என்று கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். தேடிப்பிடித்து அழைத்து வந்து, அத்தை அவரைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

முதல் ஞாயிறு. மீன் குழம்பு முடிந்தது. மாமா தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கப்பலு விஷயம் மச்சான்…"

முசே நிமிர்ந்து அன்பாகச் சிரித்தார். "என் தப்புதாங்க ஐயா. மனசுல வச்சுக்காதீங்க."

அத்தனை வருஷம் கேட்ட வார்த்தை, கேட்ட மாத்திரத்தில் வந்துவிட்டது. மாமா எச்சில் கையோடு எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"'நீங்க'ங்கறான் பாப்பா. என்னப் பாத்து 'ஐயா'ங்கறான்."

"தப்புன்னு ஒத்துக்கிட்டாரே மாமா?"

"யாரு ஒத்துக்கிட்டா? கப்பலே தெரியாதவன் ஒத்துக்கிட்டா அது கணக்கா? மொதல்ல அவன் முடியாதுன்னு சொல்லணும். அப்பறந்தான் ஆமான்னு சொல்லணும்!"

அன்று முதல் புட்டி மச்சானுக்காகத் திறந்தது. ஊரில் எந்தக் கிறீச்சுச் சத்தத்தையும் விட்டுவைக்காத மனிதர், ஒரே ஒரு கிறீச்சு திரும்பி வரவேண்டும் என்று எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் போட்ட நிபந்தனைகள் இரண்டு: ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் கூடாது, முசேவை டாக்டரிடம் காட்டியாகவேண்டும். இரண்டுக்கும் ஒத்துக்கொண்டார். முசேதான் வாயைத் திறக்கவில்லை. "வேணாங்க ஐயா, நீங்க சாப்புடுங்க" என்று மிக மரியாதையாக உதட்டை மூடிக்கொள்வார். மாமா ரசத்தில் விட்டுப் பார்த்தார். முசே ரசத்தை மரியாதையாகப் பக்கத்தில் நகர்த்தினார். நீளமான பிரெஞ்சு ரொட்டியில் தடவிப் பார்த்தார். முசே அதைச் சாம்பல் பூனைக்குக் கொடுத்து, "எடுத்துக்கங்க முசே" என்றார். காப்பியில் விட்டதை மாமாவே தவறுதலாகக் குடித்துவிட்டார். பாயசத்தில் விட்ட நாளன்று அத்தை கரண்டியோடு அவரைச் சந்து முனை வரை துரத்தினாள்.

இதற்கிடையில் டாக்டர் முசேவைப் பார்த்தார். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை அவர் விடாமல் விழுங்கிவந்தது தெரிந்து, அதை நிறுத்தச் சொன்னார்.

கொஞ்ச நாளில் ஒரு சாயங்காலம், இட்லிப்பொடியில் நல்லெண்ணெய்க்குப் பதிலாக மாமா தன் வேலையைக் காட்டினார். நான் அத்தைக்கு மாத்திரை கொடுக்கப் போனவள் அங்கேதான் நின்றிருந்தேன். முசே ஒரு விள்ளல் வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"யோவ் மாப்ள. என்னாய்யா இது, கப்பல் அடிப்பக்கம் மாதிரி நாறுது?"

மாமா மெதுவாக, பயந்துகொண்டே கேட்டார்: "எந்தக் கப்பலு மச்சான்?"

"நீ வுட்ட கப்பல்தான். வேற எந்தக் கப்பல்ல நீ ஏறிக் கிழிச்ச?"

மாமா சந்துக்கு ஓடினார். "திட்டறான்! டேய், எல்லாம் வாங்கடா! என் மச்சான் என்னத் திட்டறான்!" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சந்து கூடிவிட்டது. சண்டை முறைப்படி நடந்தது. எட்டு வந்தது, ஏழு வந்தது, நாலு இருபது வந்தது. முசே இட்லித் தட்டை மேசைமேல் தட்டித் தட்டிப் பேசினார். மாமா பதில் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு முந்திக்கொண்டு வந்ததால் அவர் தரப்பு மிகவும் பலவீனமாக இருந்தது.

"தப்புன்னு சொல்லு மச்சான்!"

"சொல்லமாட்டேன், போய்யா!"

"அப்பிடிச் சொல்லு!" என்று மாமா கைதட்டினார்.

முசே தங்கை பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லு தங்கச்சி, எட்டா ஏழா?"

"ரெண்டு பேரும் அப்பவே கப்பலேறிப் போயிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமா என் வாசலில் நின்றார். "எண்ணெ வேல செய்யுது. ஒங்க டாக்டர்கிட்ட சொல்லிடு." நான் நிதானமாக மற்றக் காரணங்களைச் சொன்னேன். தூக்க மாத்திரை நின்றிருக்கிறது. வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறது. இந்த மறதி உள்ளவர்களுக்கு இடையிடையே தெளிவான நாள் வருவதுண்டு. துறைமுகத்தில் பழகிய நாற்றம் எதையாவது கிளப்பியிருக்கலாம். எண்ணெய்தான் காரணம் என்று இதிலிருந்து சொல்லமுடியாது.

"நீ நாலு சொல்ற. நான் ஒண்ணு சொல்றேன். எது சுளுவு?" என்று கேட்டுவிட்டு மாமா போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் முசே அவரைப் பார்த்து, "வணக்கம் ஐயா, யாரப் பாக்க வந்தீங்க?" என்றார். அதற்குப் பிறகு அந்தச் சாயங்காலம் மாதிரி ஒன்று வரவேயில்லை. மாமா கரண்டியை விடவில்லை. அளவைக் கூட்டவும் இல்லை. அதை நான் கண்காணித்தேன். ஞாயிறு தவறாமல் கப்பலைப் பற்றிக் கேட்பார். "என் தப்புதாங்க ஐயா" என்று பதில் வரும். கேட்டுக்கொண்டு கை கழுவப் போவார்.

பின்தெருவில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருடைய மடக்கு நாற்காலி கத்துகிறது என்று ஒரு ஞாயிறு மத்தியானம் தூக்கிக்கொண்டு வந்தார். மாமா அதற்குச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தார். முசே பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் புது மாத்திரைகளை அத்தைக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கப்பல் கதை சொல்தாவின் காதுக்கும் எப்படியோ எட்டியிருந்தது. யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"உய் ழூர்னா ஒரு வாரங்க. பட்டாளத்துல லீவே அப்பிடித்தான் குடுப்பான். திங்கக்கெழம சொன்னா அடுத்த திங்கக்கெழம. ஒங்க மச்சான் சொன்னது சுத்தத் தப்பு. நியாயம் ஒங்க பக்கந்தான்."

முசே தலையாட்டினார். "ஆமாங்க. தப்புதாங்க."

மாமா எண்ணெய்க் குடுவையைக் கீழே வைத்தார். எழுந்தார். இப்போது சந்தோஷத்தில் ஆடப்போகிறார் என்று நான் நினைத்தேன்.

"யாருய்யா தப்புன்னது?" என்றார். "உய்னா எட்டா, ஏழா? நீயே சொல்லு. எட்டுல்ல? எட்டுக்கு எட்டுன்னு சொல்லாம ஒம்பதுன்னா சொல்லுவாரு? எண்பதுக்கு நாலு இருபதுன்னு சொல்ற பயலுக்கு, வாரத்துக்கு ஏழு நாளுன்னு சொல்ல வாய் வலிக்குதா? அவன் ஒழுங்கா சொல்லாததுக்கு என் மச்சான் என்னா பண்ணுவாரு? போறவன் ஞாயித்துக்கெழமையே பெட்டியத் தூக்கிக்கினு போயிப் படுத்திருக்கணும். போனானா? போவல. அவனுக்கெல்லாம் எதுக்குய்யா மர்சேய்?"

சொல்தா நாற்காலியை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். "நான் ஒங்க பக்கந்தானங்க பேசுனேன்?"

"என் பக்கம் பேச நான் இருக்கேன். அவரு பக்கம் பேச ஒருத்தன் வேணாமா?"

சொல்தா போய்விட்டார். மாமாவுக்கு மூச்சு வாங்கியது. நான் எழுந்து அவர் நாடியைப் பிடித்தேன். வேகமாக, ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. முசே என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நல்லா பேசறாரேம்மா. யாரு இவரு, வக்கீலா?"

மாமாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"வக்கீலு இல்ல மச்சான்," என்றார். "ஒங்க எதிராளி."

"அப்பிடிங்களா! ரொம்ப சந்தோஷங்க" என்று முசே நகர்ந்து, பெஞ்சில் பாதி இடம் விட்டார். "வாங்க, உக்காருங்க."